கைமாறும் மாத்திரை

தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு மாத்திரை என்னும் சொல் முதற்கண் நினைவூட்டுவது நோயை அன்று, ஓசையை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை என எழுத்தொலியின் காலத்தை அளக்கும் அலகு அது. அளவு என்பதே அச்சொல்லின் அடிப்பொருள். மருந்துக் கடையில் அட்டை அட்டையாக நாம் வாங்கும் வில்லைக்கும் அப்பெயரே வழங்குகின்றது. அதுவும் ஓர் அளவே ஆதலின் அது மிகப் பொருத்தமான பெயர். இன்னார்க்கு, இவ்வளவு, இத்தனை நாளைக்கு என்னும் மூன்று வரம்புகளுக்கு உட்பட்டு நிற்கும் வரையில்தான் அது மருந்து. செய்யுளில் ஓசை குறையுமிடத்து எழுத்தை அளபெடுக்கச் செய்து நிறைத்துக்கொள்ளப் புலவர்க்கு இசைவு உண்டு. உடம்பிற்கு அவ்விசைவு இல்லை.

அம்மூன்று வரம்புகளுள் 'இன்னார்க்கு' என்னும் முதல் வரம்பே நம் காலத்தில் மிக எளிதாக மீறப்படுகின்றது. ஒருவர்க்கென மருத்துவர் எழுதிய மாத்திரை மற்றொருவர் கைக்குப் போகின்றது. சிலபொழுது நட்பினால், சிலபொழுது காசுக்காக. இதனைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றோம். குறிப்பாக, மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என்று சுருக்கி வழங்கும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டிற்காக வளர்ந்தவர்கள் உண்ணும் மருந்தை முன்வைத்து எழுதுகின்றோம்.

இக்குறைபாடு சிறுவர்க்கு மட்டுமே உரியது, வளர வளரத் தானே விலகிவிடும் என்று நெடுங்காலம் எண்ணி வந்தனர். ஓடியாடும் துடிப்பு வயதேற அடங்குவது உண்மை. ஆயின் தொடங்கியதை முடிக்க மாட்டாமை, மறதி, சிந்தை ஓரிடத்தில் நில்லாமை ஆகியவை பலரிடம் முப்பதிலும் நாற்பதிலும் நீடிக்கின்றன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேடு இதனை ஏற்று, பதினேழு வயதும் அதற்கு மேலும் உடையோர்க்கு வேண்டிய அறிகுறிகளின் எண்ணிக்கையை ஆறிலிருந்து ஐந்தாகக் குறைத்தது. பன்னிரண்டு வயதிற்குள் அறிகுறிகள் தோன்றியிருத்தல் வேண்டும் என்றும் வரையறுத்தது. சோம்பேறி, பொறுப்பற்றவன், ஊதாரி என்று ஊரார் பட்டம் சூட்டி ஒதுக்கியவர்களுள் இக்குறைபாடுடையோர் எத்தனை பேர் இருந்தனரோ, இறைவனே அறிவான்.

இதற்கு உலகெங்கும் தரப்படும் முதன்மை மருந்துகளுள் ஒன்று மெத்தில்ஃபெனிடேட். சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் 1944-இல் லியாண்ட்ரோ பனிட்சோன் என்னும் வேதியியலார் இதனை உருவாக்கினார். அவருடைய மனைவி ரீட்டாவின் பெயரை ஒட்டியே ரிட்டலின் என்னும் வணிகப் பெயர் பிறந்தது. மூளையின் நரம்பணுக்களுக்கிடையே டோபமின், நாரட்ரினலின் என்னும் இரு வேதிப்பொருள்கள் விரைவில் உள்ளிழுக்கப்படாமல் தடுப்பது இதன் தொழில். குறைபாடுடையவர் உரிய அளவில் உண்ணும்போது சிதறும் மனம் ஒருவாறு ஒருங்குகின்றது. அளவு கடந்தாலோ நெஞ்சு படபடக்கும், குருதியழுத்தம் ஏறும், பசியும் உறக்கமும் கெடும், மனம் பதற்றத்தில் ஆழும். ஊக்கமருந்துகளின் இனத்தைச் சேர்ந்தது ஆதலின், தேவையில்லாதவரும் இதனை நாடுகின்றனர்.

அந்த அச்சத்தினால் நம் நாட்டுச் சட்டம் இதற்குக் கடுமையான பூட்டைப் போட்டிருக்கின்றது. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் மெத்தில்ஃபெனிடேட் எக்ஸ் அட்டவணையில் வைக்கப்பட்டுள்ளது. அவ்வட்டவணை மருந்துகளை விற்கத் தனி உரிமம் வேண்டும். மருத்துவர் சீட்டு இரு படிகளாக இருத்தல் வேண்டும். ஒரு படியைக் கடைக்காரர் இரண்டாண்டுகள் காத்து வைத்தல் வேண்டும். மருந்தோ பொறுப்பாளர் ஒருவர் மட்டுமே திறக்கக்கூடிய அலமாரியில் பூட்டப்பட்டிருத்தல் வேண்டும். மனமயக்கப் பொருள்களுக்கான 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலிலும் இதற்கு இடமுண்டு. சட்டத்தின் நோக்கத்தில் நாம் குறை காணவில்லை. அதன் விளைவைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கின்றது.

எடுத்துக்காட்டாக, கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் முப்பது வயது ஆடவர் ஒருவர் வாழ்வதாகக் கொள்வோம். கடலூர், சிதம்பரம், பரங்கிப்பேட்டைப் பகுதிகளிலிருந்து மாணவர் நம்மிடம் பயில வருவதால் அவ்வூர் நமக்கு அயலூர் அன்று. அவருக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதை மனநல மருத்துவர் ஒருவர் கண்டறிந்து மருந்து எழுதுகின்றார். எக்ஸ் அட்டவணை உரிமத்தின் தொல்லையை விரும்பாத கடைகள் இம்மருந்தை வாங்கி வைப்பதே இல்லை. சீட்டை நீட்டியவுடன் 'இல்லை' என்னும் விடையோடு ஓர் ஐயப் பார்வையும் சேர்ந்து வரும். புதுச்சேரிக்கோ சென்னைக்கோ சென்று வாங்க வேண்டும். அதற்கு ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். மறதியே நோயாக உடையவர், மாதந்தோறும் தவறாமல் இரு படிச் சீட்டுடன் பேருந்து ஏற வேண்டும் என்பதிலுள்ள முரணைச் சட்டம் இயற்றியோர் கருதிப் பார்த்ததாகத் தெரியவில்லை. உலக நலவாழ்வு அமைப்பின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் மெத்தில்ஃபெனிடேட்டைச் சேர்க்க வேண்டும் என்னும் விண்ணப்பம் 2019-இலும் 2021-இலும் ஏற்கப்படவில்லை என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளலாம்.

இது பூட்டிய அலமாரியின் கதை. அதற்குப் பக்கத்திலுள்ள அலமாரியின் கதையோ வேறு.

2017, 2018-ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்டு 2019 பிப்ரவரியில் வெளியிடப்பட்ட தேசிய ஆய்வின்படி, பத்து முதல் எழுபத்தைந்து வயதிற்குட்பட்ட இந்தியருள் மயக்கமும் உறக்கமும் தரும் மருந்துகளை மருத்துவத் தேவையின்றிப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 1.18 கோடிப் பேர். நூற்றுக்கு ஒருவர்க்குச் சற்று மேல். அபினைச் சார்ந்த வலிமருந்துகளை அவ்வாறு பயன்படுத்துவோர் 0.96 விழுக்காட்டினர். ஆம்ஃபெட்டமின் வகை ஊக்கிகளைப் பயன்படுத்துவோரோ 0.18 விழுக்காட்டினர் மட்டுமே. தில்லியின் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தார் தலைமையேற்று நடத்திய ஆய்வு அது. கள்ளச் சாராயக் குடிசைகளில் காய்ச்சப்படாத, உரிமம் பெற்ற ஆலைகளில் செய்யப்பட்ட உறக்க மாத்திரையும் வலி மாத்திரையுமே இத்துணைப் பேரைப் பற்றியிருக்கின்றன.

சட்டம் வாளாவிருந்தது என்று சொல்வதற்கில்லை. 2013-இல் எச்-1 என்னும் புதிய அட்டவணை அறிவிக்கப்பட்டு, 2014 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்தது. அல்பிரசோலம், டயசெபம், நைட்ரசெபம், கோடீன், டிரமடால் முதலியவை அதில் இடம்பெற்றன. வாங்குபவர் பெயர், எழுதிய மருத்துவர் பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருத்தல் வேண்டும் என்பது விதி. 2018 ஏப்ரலில் டிரமடால் மனமயக்கப் பொருள் சட்டத்திற்குள்ளும் கொண்டுவரப்பட்டது. அப்பொழுது அதன் நெருங்கிய உறவான டபெண்டடால் அச்சட்டத்திற்கு வெளியே நின்றது. பழக்கத்திற்கு ஆட்பட்டவர்களும் அவர்களுக்கு விற்றவர்களும் அந்த வாயிலைக் கண்டுகொள்ள அதிக நாள் ஆகவில்லை. அதன்பின் தமிழகத்துச் செய்தித்தாள்களில் 'வலி நிவாரணி மாத்திரை' என்னும் தொடர் மருத்துவப் பக்கத்தை விட்டுக் குற்றச் செய்திப் பக்கத்திற்கு இடம் மாறியதை நாம் அனைவரும் கண்டோம்.

இங்கே தேவனாம்பட்டினத்தின் பழங்கதை ஒன்று நினைவிற்கு வருகின்றது. 1690-இல் அங்குள்ள கோட்டையை ஆங்கிலக் கும்பினியார் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். பின்னர் அதற்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தொலைவு சென்று விழுமோ அவ்வளவு நிலமும் வாங்கியவர்க்கே உரியது என்பது உடன்படிக்கை. அவ்வாறே நாற்புறமும் சுட்டு எல்லை வகுத்துக்கொண்டனர். குண்டு கிராமங்கள் எனப்பட்ட அவ்வூர்களின் நினைவு, குண்டு உப்பலவாடி என்னும் பெயரில் இன்றும் தங்கியிருக்கின்றது. நம் மருந்துச் சட்டங்களும் இவ்வாறே எல்லை வகுக்கின்றன. குண்டு விழுந்த பிறகே கோடு கிழிக்கப்படுகின்றது. டிரமடாலினால் பலர் சீரழிந்த பிறகு அதற்கொரு கோடு. அடுத்த குண்டு எங்கே விழும் என்று பார்த்திருந்து அதற்கு மற்றொரு கோடு.

ஆதலின் பூட்டினால் மட்டும் இது தீராது என்பது நம் கருத்து. பிழை நிகழும் இடம் அட்டவணையில் இல்லை, கையில் இருக்கின்றது. திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, உடனிருந்து மருந்தைத் தருபவரையும் நான்காவதாகச் சேர்த்தார். அவரை உழைச்செல்வான் என்று குறள் குறிக்கும். பள்ளிப் பருவத்திலேயே நாம் இதனை மனப்பாடம் செய்துவிடுவதனால் அந்த நான்காமவரைப் பற்றி அதிகம் எண்ணுவதில்லை. இன்றைய உழைச்செல்வான் யார்? மருந்துக் கடையில் நிற்கும் மருந்தாளுநர். வீட்டில் மருந்துப் பெட்டியைக் காக்கும் தாய். வெளியூரிலிருந்து வாங்கி வரும் உறவினர். விடுதியில் அறையைப் பகிர்ந்துகொள்ளும் நண்பர். மருத்துவர் கையெழுத்திற்கும் நோயாளியின் வாய்க்கும் இடையேயுள்ள வழி முழுவதும் இவர்கள் வசம் இருக்கின்றது. மாத்திரை கைமாறுவது இவர்களுக்கு நடுவில்தான்.

அமெரிக்காவில் ஆண்டுதோறும் எடுக்கப்படும் போதைப் பழக்கக் கணக்கெடுப்புகள் இதனையே காட்டுகின்றன. மருத்துவர் எழுதித்தரும் ஊக்கமருந்தைத் தவறாகப் பயன்படுத்துவோருள் மிகப் பெரும்பாலோர் அதனைப் பெறுவது கள்ளச் சந்தையில் அன்று, நண்பரிடமும் உறவினரிடமும். அதிலும் பெரும்பகுதி இலவசமாக. கொடுப்பவர் தம்மைக் குற்றவாளி என்று கனவிலும் எண்ணுவதில்லை. உதவி செய்ததாகவே எண்ணுகின்றார். 'நாளைத் தேர்வு, ஒன்றே ஒன்று கொடு' என்று கேட்கும் தோழனுக்கு இல்லை என்று சொல்வதற்கு நம் பிள்ளைகளுக்கு நாம் கற்றுத்தரவில்லை. சோற்றைப் பகிர்ந்துண்ணக் கற்பித்தோம். மருந்து பகிர்ந்துண்ணும் பொருள் அன்று என்பதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அவ்வாறு வாங்கி உண்பவர்க்குத் தேர்விலேனும் பயன் கிட்டுகின்றதா எனின், அதுவும் ஐயமே. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தார் 2023-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், குறைபாடு ஏதுமில்லாத நாற்பது பேர்க்கு மெத்தில்ஃபெனிடேட், டெக்ஸாம்ஃபெட்டமின், மோடாஃபினில் ஆகியவற்றைத் தனித்தனியே கொடுத்துச் சிக்கலான கணக்குகளைத் தீர்க்கச் செய்தனர். மருந்துண்டபோது அவர்கள் முன்னிலும் அதிகமாக உழைத்தனர். அதிக நேரம் செலவிட்டனர். ஆயின் தீர்வுகளின் தரம் தாழ்ந்தது. அறிவு கூர்மையாயிற்று என்னும் எண்ணம் மட்டும் வளர்கின்றது. இரவெல்லாம் விழித்து எழுதிய விடைத்தாளைத் திருத்துவோர்க்கு இது புதுமையான செய்தி அன்று.

நோயாளிக்கு இதனால் நேரும் இழப்போ மிகப் பெரிது. அமெரிக்காவில் கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவரை நேரில் காணாமல் கணினி வழியே மருந்துச் சீட்டுப் பெறும் முறை பரவியது. அவ்வழியில் ஆம்ஃபெட்டமின் மாத்திரைகளை 4 கோடிக்கு மேல் முறைகேடாக வழங்கியதாக ஒரு நிறுவனத்தின் தலைமையினர்மீது 2024 ஜூனில் அந்நாட்டு அரசு வழக்குத் தொடுத்தது. இதற்கிடையே 2022 அக்டோபரில் அம்மாத்திரைக்கு நாடு தழுவிய தட்டுப்பாடு ஏற்பட்டதாக அரசே அறிவிக்க நேர்ந்தது. தட்டுப்பாட்டிற்குக் காரணங்கள் பல. ஆயினும் உண்மையான நோயாளர் கடை கடையாக அலைந்த அந்நாட்களில், அவர்கள்மீதே ஐயக்கண் விழுந்தது என்பதுதான் கொடுமை. ஏய்த்தவன் ஒருவன், ஏச்சுக் கேட்பவன் மற்றொருவன்.

நம் சமுதாயத்தார்க்கு இன்னும் நெருக்கமான ஒரு வரலாறு உண்டு. 1961-இல் செருமனியின் டெகுசா நிறுவனம் ஃபெனெதில்லின் என்னும் மருந்தை உருவாக்கியது. மிகையியக்கமுடைய சிறுவர்க்கும், பகலில் அடக்கவியலாத உறக்கத்தால் துன்புறுவோர்க்கும் அது தரப்பட்டது. கேப்டகன் என்பது அதன் விற்பனைப் பெயர். 1986-இல் அது பன்னாட்டுக் கட்டுப்பாட்டிற்குள் வந்தது. நாடுகள் ஒவ்வொன்றாக அதனைக் கைவிட்டன. மருந்து மறைந்தது, பெயர் மறையவில்லை. அப்பெயரைத் தாங்கிய போலி மாத்திரைகள் முதலில் பல்கேரியாவிலும், பின்னர் லெபனானிலும் சிரியாவிலும் செய்யப்பட்டு அரபு நாட்டு இளைஞர்களை வந்தடைந்தன. 2024 டிசம்பரில் சிரியாவில் அசாத் ஆட்சி வீழ்ந்தபோது, கேப்டகன் ஆலைகளும் கிடங்குகளும் உலகின் முன் திறந்து காட்டப்பட்டன. கவனம் சிதறும் குழந்தைக்கென ஒரு மருத்துவன் எண்ணிய மாத்திரை, ஓர் ஆட்சியின் வருவாயாக முடிந்தது.

கடலூர் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைப்போர் பலர். கேப்டகனின் கொடுமையைக் கண்ட அந்நாடுகள் மருந்து விடயத்தில் மிகவும் கண்டிப்பாக இருப்பதில் வியப்பில்லை. கட்டுப்படுத்தப்பட்ட மருந்தை எடுத்துச் செல்வோர் ஐக்கிய அரபு அமீரகத்தின் அரசிடம் முன்னிசைவு பெறுதல் வேண்டும். சவூதி அரேபியாவிலும் இசைவு தேவை. நம் ஊர்களிலோ, பயணம் புறப்படுபவரிடம் ஊறுகாயோடும் கருவாட்டோடும் ஒரு மருந்துப் பொட்டலத்தையும் கொடுத்தனுப்புதல் வழக்கமாகிவிட்டது. அண்ணனுக்கு முதுகுவலி, மச்சானுக்கு உறக்கமில்லை என்று சொல்லித் தருவர். தருபவர் பொய்யர் அல்லர். ஆயினும் வேறொருவர் பெயரிலுள்ள சீட்டு, அல்லது சீட்டே இல்லாத அட்டை, விமான நிலையச் சோதனையில் சுமந்து சென்றவரையே குற்றவாளியாக்கும். இது தெரியாமல் அயல்நாட்டுச் சிறையில் ஓர் இரவு கழித்தாலும் அக்குடும்பம் அதிலிருந்து மீள ஆண்டுகள் ஆகும்.

மார்க்கத்தின் நோக்கில் இதனை எப்படிக் காண்பது? போதை தருவது விலக்கப்பட்டது என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. நோய் தீர்க்க மருந்து தேடுவதும் விரும்பத்தக்கதே. ஆகவே உரிய மருத்துவர் உரிய நோய்க்கு எழுதிய மாத்திரையை உண்பவரைப் போதைக்காரர் என்று பழித்தல் அறிவுடைமை ஆகாது. பள்ளிவாசலில் நம்மோடு ஒரே அணியில் நிற்கும் ஒருவர் மனநல மருந்து உண்கின்றார் என்று கேள்வியுற்றவுடன் குரலைத் தாழ்த்திப் பேசும் பழக்கம் நம்மிடம் இருக்கின்றது. அது ஒழியத்தான் வேண்டும். மருந்தைக் கையில் பெற்றவர் அதனை அமானிதமாகக் கருத வேண்டும் என்பது இதன் மறுபக்கம். அடைக்கலப் பொருளை உரியவர்க்கன்றி வேறு எவர்க்கும் கொடுக்க நமக்கு உரிமையில்லை.

நான்காமவரைக் கண்காணிக்கும் கடமையை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, அங்காடிகளை மேற்பார்வையிடும் முஹ்தஸிபுக்கென எழுதிய கையேட்டில் ரொட்டி சுடுவோர், இறைச்சி விற்போர் ஆகியோரோடு மருந்து விற்போர்க்கும் பாகு மருந்து செய்வோர்க்கும் தனித்தனி இயல்கள் வகுத்திருக்கின்றார். அபினில் என்ன கலப்பர், அதனை எப்படிக் கண்டறிவது என்பது வரை அதில் உண்டு. மருந்துக் கடையை வெறும் கடையாக அவர் எண்ணவில்லை. நாமோ, முறையாகப் பயின்ற மருந்தாளுநரைச் சீட்டைப் பார்த்துப் பொருள் எடுத்துத்தரும் பணியாளர் என்று கருதுகின்றோம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மருந்தியல் பட்டதாரிகளை ஆண்டுதோறும் உருவாக்கி அனுப்புகின்றது. அவர்களுள் ஒருவர் சீட்டில்லாமல் மாத்திரை தர மறுத்தால் அவரோடு சண்டையிடுபவர்கள் நம்மவர்களே. பக்கத்துக் கடையில் தருகின்றார்களே என்னும் வாதம் வேறு.

கல்லூரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. 2022 ஆகஸ்டில் தமிழக அரசு போதைப்பொருள் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது கல்லூரிதோறும் உறுதிமொழி எடுத்தோம். உறுதிமொழியில் கஞ்சாவும் குட்காவும் நம் கண்முன் நின்ற அளவிற்கு மாத்திரை அட்டை நிற்கவில்லை. இனி விடுதி அறைகளைச் சோதனையிடும் நிலை வருமாயின், ஒரு வேறுபாட்டைக் காப்பாளர்கள் மறக்கலாகாது என்று வேண்டுகின்றோம். தன் பெயரிலுள்ள சீட்டோடு மருந்து வைத்திருக்கும் மாணவன் வேறு. சீட்டில்லாத அட்டையோடு அகப்படுபவன் வேறு. முன்னவனை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தி வினவினால், அடுத்த மாதம் அவன் மருந்தையே நிறுத்திவிடுவான்; அல்லது ஒளித்து வைக்கப் பழகுவான். சீட்டின் படியைக் கல்லூரி மருத்துவ அலுவலரிடம் மட்டும் கொடுத்து வைக்கும் ஏற்பாடு போதும். நோயின் பெயர் அலுவலகக் கோப்பில் ஏற வேண்டியதில்லை.

அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. எக்ஸ் அட்டவணையைத் தளர்த்துமாறு நாம் கேட்கவில்லை. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலும், சிதம்பரம் அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மனநல மருத்துவர் எழுதும் இம்மருந்தை அங்கேயே, அவர் பார்வையிலேயே, மாதம் தவறாமல் பெறும் வழி இருத்தல் வேண்டும் என்றே கேட்கின்றோம். பதிவேடு அங்கே இருக்கும். பூட்டும் அங்கே இருக்கும். தேவனாம்பட்டினத்து ஆடவர் காலையில் நகரப் பேருந்தில் சென்று, மருந்தோடு திரும்பி, அன்றைய வேலைக்கும் போய்ச் சேரலாம்.